கைராசி கட்டிய நாண்

நாண் அறுந்ததும் கைராசி முதலில் செய்த காரியம், மாமனார் அறைக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டதுதான். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் போட்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் முதலில் கதவைத்தானே சாத்துவான்.

முழு இழுப்புகூட இல்லை. அரை இழுப்பு. 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு நுனி காதோரம் பறந்தது, இன்னொரு நுனி மேசை விளக்கின் மூடியைத் தட்டிவிட்டது. அவன் கையில் வளைந்த மரம் மட்டும் மிஞ்சி நின்றது.

"போச்சு" என்று வில்லிடமே சொன்னான்.

கைராசி என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. மாமனார் வைத்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவனுக்கு. ஒரு எழுத்தில் ஒரு கொம்பு குறைந்தால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடித்துவிடுவான். கண் அப்படி. கை மட்டும் வேறு யாருக்கோ செய்து, தவறி இவனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு முறை காலண்டர் மாட்ட ஆணி அடித்தான்; பக்கத்து வீட்டுக் கடிகாரம் விழுந்தது. குழாய்க்கு வாஷர் மாற்றினான். மாடியில் மாற்றியதற்குக் கீழ்வீட்டில் மாமனார் பாயைச் சுருட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குத்தான், "நம்ம மாப்பிள்ளைக்கு என்ன கைராசி!" என்று அவர் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒன்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் அவன் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடக் கொடுத்ததில்லை. அவனுக்கு அதில் ஆழமான வருத்தம் இருந்தது. வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவனைச் செவ்வாய்க்கிழமை காலை மாமனார் கீழே கூப்பிட்டார். மனைவியோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அத்தை அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டு, பொத்தானும் போட்டுவிட்டுப் பெட்டி எடுக்கப் போனாள்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு ஒரு பொறுப்பு."

கைராசி பின்னால் திரும்பிப் பார்த்தான். வேறு மாப்பிள்ளை யாரும் நிற்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை புது வில்வித்தை மைதானம் திறக்கிறாங்க. முதல் அம்பு நான்தான் விடணுமாம்" என்று மாமனார் சுவரைக் காட்டினார். நுனிகள் இரண்டும் வெளிப்பக்கம் மடங்கிய அந்தப் பழைய வில், நாண் பூட்டியபடியே தொங்கியது. அதற்குப் பக்கத்தில், நாற்பது வருடத்துக்கு முந்தைய போட்டோவில் மாமனார் அதே வில்லைப் பிடித்துக்கொண்டு கோப்பையோடு முறைத்தார். "இது ரொம்ப நாளா சும்மா தொங்குது. தினம் நாலு தடவை எடுத்து இழுத்துப் பழக்கி வைங்க. நீங்கதான் இழுக்கணும். வேற யார் கையும் படக் கூடாது."

"நானா மாமா?"

"உங்களை நம்பித்தான் குடுக்கிறேன். இழுக்கும்போது முகத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க. என்ன ஆனாலும் மறைக்காம எனக்கு போன் பண்ணிச் சொல்லிடணும்."

அறைச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கியும் விட்டார். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்தப் பட்டப்பெயர் போய்விடும் என்று அவன் நினைத்தான். மறுநாள் புதன்கிழமையே நாண் அறுந்துவிட்டது.

போன் அடித்தது. மாமனார்.

"என்ன மாப்பிள்ளை, இழுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மாமா."

"ஒண்ணுமே ஆகலையா?"

"ஒண்ணுமே ஆகல."



"சரி. நாளைக்கு இன்னும் கொஞ்சம் பலமா இழுங்க" என்று மாமனார் போனை வைத்தார்.

ஆக, சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து இறங்குவதற்குள் அந்த வில்லில் ஒரு நாண் இருந்தாக வேண்டும். அதுவும் அதே நாண் மாதிரி இருந்தாக வேண்டும். கைராசி அச்சகத்துக்கு வயிற்றுவலி என்று சொன்னான். அது பொய்யாகவும் இல்லை.

வில்லின் கீழ்ப்பாதியில் தேய்ந்த எழுத்தில் அறுபத்தாறு என்று போட்டிருந்தது. அவன் கண்ணுக்கா தப்பும்? கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடைக்கு ஓடினான்.

"அறுபத்தாறு அங்குலத்துல வில்லு நாண் வேணும்."

கடைக்காரர் ஒரு டென்னிஸ் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அறுபத்தாறு நாணா, வில்லா?"

"எல்லாம் ஒண்ணுதானே?"

"எத்தனை இழை?"

"பழுப்பு."

"இழை கேட்டேன் சார். நிறம் கேக்கல."

"நிறம்தான் சார் முக்கியம். பழுப்பா இருக்கணும். பழசா இருக்கணும்."

"புதுசு வாங்க வந்துட்டு பழசா கேக்கிற ஆளை இப்பதான் பாக்கிறேன்" என்ற கடைக்காரர், உள்ளே போய் ஒரு உருளையிலிருந்து அளந்து வெட்டி, இரண்டு நுனியிலும் கண்ணி போட்டு, பால் மாதிரி வெள்ளையாக ஒரு நாணைக் கொடுத்தார்.

நிறத்துக்குக் கைராசி வழி வைத்திருந்தான். அடுக்களையில் ஆறிப்போன டீ ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. நாணை அதில் அமுக்கி ஒரு மணி நேரம் ஊறவைத்தான். நாற்பது வருடத்துப் பழுப்பு அப்படியே வந்துவிட்டது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, சன்னல் கம்பியில் காயப்போட்டான்.

காலையில் மனைவி டீயில் சர்க்கரை போட்டுத்தான் கொதிக்க வைப்பாள் என்பது வியாழக்கிழமை விடிந்தபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது. எறும்புகள் சன்னலில் ஆரம்பித்து, சுவரில் இறங்கி, நாண் முழுக்க இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, இது என்னது?" பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிற அவன் மனைவி, வேலைக்குக் கிளம்பின கையோடு நின்றாள்.

"கயிறு."

"அப்பா வில்லு ஏன் கட்டில் மேல இருக்கு?"

அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை. சொல்லிவிட்டான். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அய்யய்யோ. ஞாயித்துக்கிழமை ஊரே வந்து நிக்கப் போகுது. அப்பா என்ன பண்ணுவாரு?"

"அவர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"யாரு? நீங்களா?"

அந்த 'நீங்களா' அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. எறும்பைத் தட்டினான், நாணைக் கழுவினான், வில்லில் மாட்டினான். நாண் தொளதொளவென்று தொங்கியது. நாலு சட்டை காயப்போடலாம்.

"நீளமா இருக்கு" என்றாள் மனைவி.

"அது தெரியுது."

"முடிச்சுப் போடுங்களேன்."

நடுவில் ஒரு முடிச்சுப் போட்டான். இன்னும் தொங்கியது. இன்னொன்று போட்டான். ஆறாவது முடிச்சில் நாண் குட்டையாகிவிட்டது. இப்போது வில் வளைய மறுத்தது. ஒரு நுனியை அலமாரிக்கு அடியில் செருகி, மறு நுனியில் மனைவியை உட்காரவைத்து அமுக்கினான். வில் துள்ளித் திரும்பியதில் மின்விசிறியின் ஒரு இறக்கை மேலே பார்த்துக்கொண்டது.

அப்போதுதான் அவனுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. நுனிகள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றனவோ, அந்தப் பக்கமாகவே வளைத்தால் வில் எவ்வளவு சாதுவாக வளைகிறது! கஷ்டமே இல்லை. இரண்டு கண்ணியும் நுனியில் வெட்டியிருந்த காடியில் போய் உட்கார்ந்தன. படத்தில் பார்க்கிற வில் மாதிரி அழகாக, அரை வட்டமாக இருந்தது.

"பாத்தியா?"

மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "முன்னாடி நுனி வெளிப்பக்கம் மடங்கியிருக்குமே?"

"எப்பவும் குறை சொல்லாதே."

"இழுத்துப் பாருங்க."

இழுத்தான். வில் 'கிறீச்' என்றது. மரத்துக்குள்ளிருந்து யாரோ அழுகிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழைய வில்வித்தை மைதானத்துல ஒரு கோச் அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட கொண்டு போங்க. இதுக்கு மேல நீங்க தொடாதீங்க" என்றாள் மனைவி.

வில்லைப் படுக்கை விரிப்பில் சுற்றி, அறுந்த நாண் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தான். நண்பனுடைய வில், நண்பனுடைய தாத்தா வில், ஏலத்தில் எடுத்த வில்.

மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அம்பு விட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவன் விரிப்பைப் பிரித்ததும் ஒவ்வொருவராக வில்லைத் தாழ்த்தினார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

கோச் அம்மா மெதுவாக நடந்து வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். இடுப்பில் ஒரு அளவு நாடா தொங்கியது.

"யார் சார் இதை இப்படிப் பூட்டினது?"

"நண்பன்."

"சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரிப் போடுவாங்களே, அந்த மாதிரி வில்லையே திருப்பிப் போட்டிருக்காரு உங்க நண்பர். இன்னும் ரெண்டு தடவை இழுத்திருந்தா ரெண்டா போயிருக்கும்." அவர் நாணைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "இது ஐயாவோட வில்லாச்சே! ஞாயித்துக்கிழமை முதல் அம்பு விடப் போறவர்!"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மூன்று பொய்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டன. கைராசி உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அம்மா, அவர் ஒன்பது வருஷத்துல முதல் தடவையா என்னை நம்பி ஒண்ணு குடுத்தாரு. அவருக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா நான் அந்த வீட்டுல தலை நிமிர முடியாது."

கோச் அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் சொல்ல மாட்டேன். ஆனா நாணை நீங்களேதான் கட்டணும். அப்பதான் நாளைக்கு அவர் கேட்டா பதில் சொல்லத் தெரியும். அறுந்தது எங்க?"

துண்டுகளைக் கொடுத்தான். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பதினாலு இழை. இதுல நாலுதான் பிஞ்சிருக்கு. மிச்சம் பத்தும் முன்னாடியே போயிருக்கு. வீட்டுல எலி இருக்கா?"

"இருக்கும்மா" என்றான் கைராசி. இருந்தாக வேண்டும் என்று அவன் மனம் ஆசைப்பட்டது.

"சரி, கேளுங்க. வில்லு மேல அறுபத்தாறுன்னு போட்டிருந்தா நாண் அறுபத்திரண்டு. நாலு அங்குலம் குறைச்சலா இருந்தாத்தான் வில்லு வளையும்."

"நல்ல பலமான நாணா குடுங்கம்மா. இனி அறுந்துடக் கூடாது."

"அது தப்பு. இப்ப வர்ற பலமான நூல் கொஞ்சமும் நீளாது. விடுற வேகம் மொத்தமும் நுனியில போய் அடிக்கும். பழைய மரம் தாங்காது, நுனியே தெறிச்சிடும். இதுக்கு டாக்ரான் நூல்தான். கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வயசானதோட வாழணும்னா கொஞ்சம் விட்டுக் கொடுக்கத்தான் வேணும்."

கைராசி அதை மாமனாரை நினைத்துக்கொண்டே கேட்டான்.

பிறகு ஆரம்பித்தது பாடு. மைதானத்து ஓர அறையில், கோச் அம்மா சொல்லச் சொல்ல அவன் பதினாலு இழையைச் சேர்த்து இரண்டு நுனியிலும் கண்ணி போட்டான். அடுத்து அவர் இரண்டு முனையிலும் தோல் உறை வைத்த ஒரு கயிறு கொடுத்தார். உறைகளை வில்லின் நுனிகளில் மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டு, கைப்பிடியை மேலே தூக்கினால் வில் தானாக வளைந்து கொடுக்கும். அப்போது கண்ணியை நகர்த்திக் காடியில் உட்காரவைக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். முதல் முறை உறை நழுவி, வில் எகிறி, அலமாரியில் இருந்த வெற்றிக் கோப்பை ஒன்றைக் குப்புறத் தள்ளியது. இரண்டாம் முறை அவனே குப்புற விழுந்தான். மூன்றாம் முறை உட்கார்ந்தது.

கோச் அம்மா அளவு நாடாவை வைத்தார். "கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவுல எட்டரை அங்குலம் வேணும். ஏழுதான் இருக்கு. கழட்டுங்க. இருபது முறுக்கு ஏத்துங்க. முறுக்கினா நாண் குட்டையாகும், இடைவெளி கூடும்."

கழற்றினான், முறுக்கினான், பூட்டினான். ஏழரை. கழற்றினான். எட்டு. கழற்றினான். எட்டேமுக்கால். "அதிகம், நாலு முறுக்கு இறக்குங்க." விரல் நுனி சிவந்து எரிந்தது. இடையில் போன் வேறு.

"மாப்பிள்ளை, இன்னிக்கு இழுத்தீங்களா?"

"காலையிலேர்ந்து இழுத்துக்கிட்டேதான் மாமா இருக்கேன்."

"உங்க கையாலதானே?"

"என் கையாலதான் மாமா."

"அப்புறமும் ஒண்ணும் ஆகல?"

"ஒண்ணும் ஆகல மாமா."

"ஆச்சரியமா இருக்கே" என்றார் மாமனார்.

வெள்ளிக்கிழமையும் போனான். நாணில் மெழுகு தேய்த்து, இரண்டு விரலால் சூடு பறக்க உருவினான். அம்பு வந்து பொருந்துகிற இடத்தில் நூலால் ஒரு சின்னக் கட்டு கட்ட வேண்டியிருந்தது. கோச் அம்மா இடத்தைக் குறித்துக் கொடுத்தார். கைராசி குனிந்து பார்த்தான்.

"அம்மா, இது ஒரு மயிரிழை மேல இருக்கு."

"இல்லையே, அளந்துதானே வச்சேன்."

"அளந்து பாருங்க."

அளந்தார். மறுபடி அளந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறை அளந்தார். "ஆமா. எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"எனக்கு அதுதான் வேலை. புள்ளி தள்ளியிருந்தாத் தெரியும்."

அவனே அவிழ்த்து, அவனே கட்டினான். கோச் அம்மா நாணைச் சுண்டினார். 'டங்' என்று சுத்தமான ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

"இருபது வருஷமா சொல்லிக் குடுக்கிறேன். இவ்வளவு சீரா நாண் கட்டின ஆளுங்க கொஞ்சம்தான். உங்க கை நல்ல கை சார்."

கைராசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். முப்பத்தெட்டு வயதில் அவன் கையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை கேட்பது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினான். அவள் நாணை ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். "நீங்களா கட்டினீங்க?" என்றாள். அவன் தலையாட்டினான். "நிஜமா நீங்களா?" என்று இன்னொரு முறை கேட்டாள். இந்த முறை அது குத்தவில்லை.

அன்று சாயங்காலம் மாமனாரின் கடைசி போன்.

"நாண் எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"கல்லு மாதிரி இருக்கு மாமா."

"கல்லு மாதிரியா?"

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "என்னவாம்?"

"இன்னும் ஒண்ணும் ஆகலையாம்." ஆஸ்பத்திரியில் யாரோ கிடக்கிற மாதிரிச் சொன்னார் மாமனார்.

பாவம், எவ்வளவு கவலைப்படுகிறார் என்று கைராசிக்கு மனம் இளகிப்போனது.

சனிக்கிழமை ஆட்டோ வந்து நின்றதும் மாமனார் பெட்டியைக்கூட இறக்கவில்லை. செருப்போடு நேராகத் தன் அறைக்குள் நடந்தார். கைராசி பின்னாலேயே போனான். அவர் வில்லின் முன்னால் நின்று நாணைத் தொட்டார். சுண்டினார். 'டங்.'

"இது என் நாண் இல்லையே."

கைராசிக்கு வியர்த்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா. புதன்கிழமையே அறுந்துடுச்சு."

மாமனார் சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கைராசி தன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. "அறுந்துடுச்சா? நிஜமாவே அறுந்துடுச்சா?"

"ஆமா மாமா. எலி கடிச்சிருக்கு. உங்ககிட்ட சொல்லப் பயந்து, நானே புதுசு கட்டிட்டேன்."

வெளிச்சம் அணைந்தது.

"நீங்களா?"

"நானேதான் மாமா."

"அப்ப... நாளைக்கு இழுத்தா தாங்காது இல்ல?"

"கோச் அம்மாவே பாத்தாங்க மாமா. உங்க பேரனும் இதுலயே விடலாம்னாங்க."

மாமனார் கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் கோப்பையோடு முறைத்துக்கொண்டிருந்த தன்னையே சற்று நேரம் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்து நின்ற கைராசிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கே தப்பு? முறுக்கா? மெழுகா? நிறமா?

"நிறம்தானே மாமா? வெள்ளையா இருக்குன்னு பாக்கிறீங்களா? டீயில வேணா..."

அத்தை பெட்டியோடு உள்ளே வந்தாள். சுவரில் நாணைப் பார்த்தாள், கட்டிலில் கணவரைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பழக்கமான வேலை மாதிரி அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"வலது கையைத் தூக்குங்க."

கை மார்பு வரை வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டார். அத்தை அந்தக் கையைத் தாங்கிப் பிடித்து, குழந்தைக்குக் கழற்றுவது போலச் சட்டையை மெல்ல உருவி எடுத்தாள்.

"தோளு போயி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு ஊர்ல சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, மூணு நாளு உக்காந்து பிளேடால பத்து இழையை அறுத்து வச்சாரு" என்றாள் அத்தை, சட்டையை மடித்துக்கொண்டே. "மிச்ச நாலுக்கு உங்க கைராசி போதும்னு நம்பித்தானே சாவியையே குடுத்தாரு? இந்த ஒரு தடவை ஏன் மாப்பிள்ளை ஒழுங்கா செஞ்சு தொலைச்சீங்க?"